இளையோர்மேல் ஏற்றிய பழி

பெருந்துன்பம் ஒன்று வந்து போன பின்னர், அதற்குக் காரணம் யாது என்று கேட்பது மக்களின் இயல்பு. கேட்பதில் தவறில்லை. காரணத்தை அறிந்தால்தான் மறுமுறை நம்மைக் காத்துக்கொள்ள இயலும். ஆயினும், காரணத்தைத் தேடிப் புறப்பட்டவர்கள் பாதி வழியிலேயே களைத்துப்போய், கைக்கு எட்டிய ஒருவனைப் பிடித்து நிறுத்தி, 'குற்றவாளி இவனே' என்று கூறிவிட்டு வீடு திரும்புவதும் உண்டு. கோவிட்-19 பெருந்தொற்றின் கொடுமை தணிந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்நாள்களைப் பற்றிப் பேச்செழும் பொழுதெல்லாம் நம்மவரிடையே ஒரு தீர்ப்பு ஆயத்தமாக இருக்கிறது. "இந்த இளவட்டங்கள்தாம் ஊர் சுற்றிவிட்டு நோயைக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்தார்கள்" என்பதே அத்தீர்ப்பு.

பீடோரில் அண்மையில் நடைபெற்ற ஒரு பொதுக்கூட்டத்தில் இத்தீர்ப்பை மீண்டும் கேட்டேன். பேசியவர் மதிப்பிற்குரிய பெரியவர். முன்வரிசையினர் தலையசைத்தனர். மண்டபத்தின் பின்புறத்தில், கூட்டத்திற்கு வந்தோர்க்கு நாற்காலி அடுக்கித் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள் இதைக் கேட்டும் கேளாதவர் போல் தம் வேலையைத் தொடர்ந்தனர். நான் மேடையில் அமர்ந்திருந்தேன். எழுந்து மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. அன்று வாய் திறவாத குறையை இக்கட்டுரையில் தீர்த்துக்கொள்ள விழைகிறேன்.

என் வாதம் சுருக்கமானது. பெருந்தொற்றுக் காலத்தில் இளையோர் பலர் நோயைச் சுமந்து சென்றனர் என்பது உண்மை. அவ்வாறு சுமந்ததைக் குற்றம் என்பது அநீதி. அவர்களைச் சுமக்கவைத்தவை நம்முடைய வேலைமுறை, குடியிருப்பு முறை, அறியாமை ஆகியவையே. அவற்றைத் திருத்தாமல் இளையோரைத் தூற்றிக்கொண்டிருப்போமாயின், அடுத்த தொற்று வரும்பொழுது நம் வீட்டு முதியோரை மீண்டும் பறிகொடுப்போம்.

உண்மையை ஒளிக்க வேண்டா

எதிர்வாதத்தில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டார இயக்குநர் தாகேஷி கசாய் ஓர் எச்சரிக்கை விடுத்தார். நம் மலேசியாவும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. இருபது, முப்பது, நாற்பது வயதுகளில் உள்ளோரே நோய்ப் பரவலை மேன்மேலும் உந்திச் செல்கின்றனர் என்று அவர் கூறினார். செய்தித்தாள்கள் இதைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. நம்மவர் பலர் இதையே சான்றாகக் காட்டுகின்றனர்.

ஆனால், அதே மூச்சில் அவர் கூறிய மற்றொன்றை நாம் வசதியாக மறந்துவிட்டோம். அவர்களுள் பலர் தமக்கு நோய் தொற்றியிருப்பதையே அறியார் என்பதே அது. இந்நோயின் வஞ்சனை முழுவதும் இங்குதான் இருக்கிறது. இளம் உடலில் புகுந்த நச்சுயிரி பல வேளைகளில் ஒரு தும்மலோடும் தொண்டைக் கரகரப்போடும் நின்றுவிடுகிறது. சில வேளைகளில் அதுவும் இல்லை. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்னரே பிறர்க்குத் தொற்றவும் செய்கிறது. காய்ச்சலில் படுத்தவன் வெளியே செல்லமாட்டான். தன்னை நலமுள்ளவன் என்று நம்புகின்றவன் வேலைக்குச் செல்வான், மாலையில் வீடு திரும்புவான், பாட்டியின் கையால் சோறு வாங்கி உண்பான். இதில் தீய எண்ணம் எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் கோவிட் நோயால் இறந்தோர் 37,000 பேருக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியோரும் கடந்தோரும் ஆவர். நோயைச் சுமந்தவனுக்குத் துன்பம் குறைவு. அவன் அருகில் இருந்தவர்க்கோ உயிரிழப்பு. இப்பொருத்தமின்மையைக் கண்ட மனம் கொதிக்கத்தான் செய்யும். அந்தக் கொதிப்பு எனக்கும் விளங்குகிறது. என் வீட்டிலும் முதியோர் இருந்தனர். ஆயினும், கொதிப்பு நீதி ஆகிவிடாது.

பாலர் வகுப்பில் கை, கால், வாய்ப்புண் நோய் காணும்பொழுது நாங்கள் என்ன செய்கிறோம்? ஐந்து வயதுப் பிள்ளைகளிடையே மின்னல் விரைவில் பரவுவது அந்நோய். 1997-ஆம் ஆண்டு சரவாக்கில் அது குழந்தைகள் பலரைப் பலிகொண்டதை நாடறியும். நோய் கண்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறோம். வகுப்பை மூடுகிறோம். விளையாட்டுப் பொருள்களைக் கழுவுகிறோம். 'நீதான் நோய் பரப்பினாய்' என்று அப்பிள்ளையை எவரும் ஏசுவதில்லை. ஐந்து வயதில் நோயாளியாகப் பார்த்தவனை இருபது வயதில் கொலையாளியாகப் பார்ப்பது எந்த அறிவு?

'இருபது வயதானவனுக்கு விவரம் தெரியுமே' என்று விடை கூறுவர். தெரிந்தே செய்தவனை நானும் காக்க வரவில்லை. நோய் உறுதியான பின்னும் கடைத்தெருவில் உலாவியவன், தனிமைப்படுத்தும் ஆணையை மீறியவன் குற்றவாளியே. 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அவனுக்கென்றே இருக்கிறது. அச்சட்டம் வயது பார்ப்பதில்லை. நாமும் பார்க்கலாகாது.

வீட்டில் இருந்தவரும் வெளியே சென்றவரும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. என் போன்றோர் வீட்டில் அமர்ந்து மாதச் சம்பளம் பெற்றோம். அதை நான் வெட்கத்தோடும் நன்றியோடும் நினைவுகூர்கிறேன். அப்பொழுது நம் வீட்டு வாயிலில் அரிசி மூட்டையை இறக்கியவன் யார்? பேரங்காடிக் கல்லாவில் நின்றவள் யார்? எண்ணெய் நிலையத்தில் இரவுப் பணி செய்தவன் யார்? மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் சுமந்து மழையில் நனைந்தவன் யார்? மருத்துவமனைகளில் கவச உடைக்குள் வெந்த தாதியர் எவ்வயதினர்? நாடு முழுதும் உழைத்துக்கொண்டிருந்த கைகளுள் மிகப் பல இளங்கைகள்.

நாம் வெளியே செல்லாமல் இருப்பதற்காக அவர்கள் வெளியே சென்றார்கள். வெளியே சென்றவனைத்தான் நோய் பற்றும். பற்றிய பின், 'நீ ஏன் வெளியே சென்றாய்?' என்று வீட்டிலிருந்தவன் கேட்பது எவ்வளவு எளிது! ஊர் சுற்றினவர்கள் சிலர் இருந்தனர். அவர்களை வைத்து உழைத்தவர் அனைவரையும் அளந்துவிட்டோம்.

தொழிலாளர் விடுதிகளின் கதையைப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு நவம்பரில், கிள்ளானை அடுத்த மேருவில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் தோன்றிய தொற்று ஆயிரக்கணக்கானோரைப் பற்றியது. உலகத்திற்கே கையுறை செய்து கொடுத்தவர்கள் கட்டில்மேல் கட்டிலாக நெருங்கிப் படுத்துறங்கியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர். அவர்கள் இளைஞராக இருந்ததனால் நோய் பரவிற்றா? அறை நெருக்கமாக இருந்ததனால் பரவிற்றா?

சிங்கப்பூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்குள்ள வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த நம் இனத்து இளைஞர் பல்லாயிரவர் தங்கியிருந்தனர். 2020-ஆம் ஆண்டு இறுதியில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர்க்கு அந்நோய் தொற்றிச் சென்றிருந்தது. பலருக்கு நோய் வந்துபோனதே குருதிச் சோதனையில்தான் தெரியவந்தது. விடுதிக்கு வெளியே, தனித்தனி வீடுகளில் வாழ்ந்த இளையோர்க்கு அத்தகைய தொற்று நேரவில்லை. ஒரே வயது, ஒரே ஊர். கூரை மட்டுமே வேறு. இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

நாம் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள். ஒரு வீட்டில் சின்னம்மை கண்டால் எட்டு வீட்டுப் பிள்ளைகளும் வேப்பிலையில் படுத்ததை மறந்துவிட்டோமா? ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தோட்டத்து டிரஸ்ஸர் அத்தனை குழந்தைகளுக்கும் மருந்து கலக்கியதை நாம் அறியோமா? நெருக்கமே நோயின் பாதை என்பதை நம் பாட்டனும் பாட்டியும் அறிந்திருந்தனர். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. பிற தொழில்களுக்கும் அது 2019-ஆம் ஆண்டில்தான் விரிவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தொற்று வந்து நம் காலதாமதத்திற்குக் கணக்குக் கேட்டது.

வரலாறு கூறுவது

நோய்க்கும் வயதுக்கும் உள்ள உறவு நோய்க்கு நோய் மாறுவது. 1918-ஆம் ஆண்டின் இறுதியில் உலகை உலுக்கிய சளிக்காய்ச்சல், இருபது முதல் நாற்பது வயதுள்ளோரையே குறிபார்த்துக் கொன்றது. முதல் உலகப் போரின் படைவீரர்கள் கப்பல்களிலும் இரயில்களிலும் அதை நாடு நாடாகச் சுமந்தனர். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாயாவிலும் அது புகுந்தது. இந்நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தென்னிந்தியத் தொழிலாளர் மிகுதியாக மடிந்தனர். உடல் வலுவுள்ள இளையோரையே கங்காணிகள் பொறுக்கியெடுத்துக் கப்பலேற்றினர். அவ்விளையோரையே நோயும் தேர்ந்தெடுத்தது. அவர்களைக் குற்றவாளிகள் என்று கூற எவருக்கேனும் நா எழுமா?

2009-ஆம் ஆண்டு எச்1என்1 சளிக்காய்ச்சல் வந்தது. அதிலும் இளையோரே மிகுதியாக நோயுற்றனர். பள்ளிகள் பரவலுக்குக் களமாயின. அம்முறை முதியோர் பலர் தப்பினர். அவர்கள் ஒழுக்கசீலராக வீட்டில் இருந்ததனால் அன்று. தம் இளமையில் அதையொத்த சளிக்காய்ச்சலுக்கு ஆட்பட்டு, உடலில் ஓரளவு தடுப்பாற்றல் பெற்றிருந்தனர். அவர்களும் ஒருகாலத்தில் இளையோராக இருந்து அந்நோயைச் சுமந்தவர்கள்தாம்.

நம் பேராக் மாநிலத்திற்கே உரிய பாடம் ஒன்றும் உண்டு. 1998-ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. நான் அப்பொழுது இளம் ஆசிரியன். அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். அது கொசுவால் பரவுவது. பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. ஆகவே கொசுமருந்து புகைத்தனர். அந்நோய்க்குரிய தடுப்பூசி போட்டனர். ஆயினும் நோயில் விழுந்தவர்களோ சிறுவர் அல்லர். பன்றிகளோடு பழகி உழைத்த ஆடவர். புகை போட்டும் ஊசி போட்டும் சாவு நிற்கவில்லை. பன்றிகளின் வழியே நோய் நெகிரி செம்பிலான் வரை சென்றது. 1999-ஆம் ஆண்டு மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது முற்றிலும் புதிய நச்சுயிரி என்பதைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயரிட்டனர். அதற்குள் நோய் பரந்துவிட்டது. நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர்.

இந்த வரலாற்றை நான் நினைவூட்டுவது ஒரு காரணத்திற்காக. காரணத்தைத் தவறாகச் சொன்னால், கைகளும் தவறான இடத்தில் வேலை செய்யும். நோயுற்றோரின் வயது அன்று ஒரு தடயம். 'ஏன் சிறுவர்க்கு வரவில்லை, ஏன் உழைக்கும் ஆடவர்க்கு வருகிறது?' என்று கேட்டவர்களே உண்மையை நெருங்கினர். கோவிட் நாள்களிலும் வயது ஒரு தடயமாகவே இருந்தது. 'ஏன் இளையோரிடம் மிகுதியாகக் காண்கிறது?' என்று கேட்டிருந்தால், அவர்களுடைய வேலையிடத்திற்கும் விடுதிக்கும் பேருந்துக்கும் சென்று சேர்ந்திருப்போம். நாமோ தடயத்தைக் குற்றச்சாட்டாக ஆக்கிவிட்டு அங்கேயே நின்றுவிட்டோம். நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் நாடுமாறு வள்ளுவர் கற்பித்ததை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதும் நாம், அதைப் பின்பற்றவில்லை.

என் பங்கு

பிறரைக் குறைகூறும் முன் என் குறையைச் சொல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெற்றோர்க்கான புலனக் குழுவில் நானே ஒரு செய்தி எழுதினேன். வீணே வெளியே திரியும் இளையோர், தம் தாத்தா பாட்டியின் சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன். பலர் கைகூப்பும் படம் அனுப்பிப் பாராட்டினர். அச்செய்தி குழுவிலிருந்து குழுவுக்குத் தாவி ஊரெங்கும் பரவியது.

அவ்வாண்டு ஜூலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டில் சாவு நேர்ந்தது. பத்தொன்பது வயது அவனுக்கு. வளர்த்தவள் பாட்டி. பால்மரம் வெட்டிப் பேரனைப் படிக்க வைத்தவள். தோட்டம் கைமாறிய பின் பட்டணத்துச் சிறு வீட்டுக்குக் குடிவந்தவள். அவன் முகவர் ஒருவர் வழி நாட்கூலிக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். முதலில் அவனுக்குச் சற்றே தொண்டை வலித்தது. நான்காம் நாள் பாட்டிக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வாரத்தில் அவள் போய்விட்டாள். முகம் பார்க்கவும் இயலவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்கவும் ஆளில்லை. உறையில் இட்டு எடுத்துச் சென்றனர்.

ஓர் ஆண்டு கழிந்து, 2022-ஆம் ஆண்டின் நடுவில், பள்ளிச் சான்றிதழின் நகல் கேட்டு அவன் என் அலுவலகத்திற்கு வந்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதாகக் கூறினான். 'ஏன் தம்பி, இங்கேயே வேலை கிடைக்கவில்லையா?' என்று கேட்டேன். சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஊரில் இருக்க முடியவில்லை ஐயா. பாட்டியைக் கொன்றவன் என்கிறார்கள். நீங்கள் அனுப்பிய செய்தியைத்தான் மாமா எல்லாருக்கும் காட்டினார்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று மேலும் சிலவற்றை அவனிடம் கேட்டறிந்தேன். தொண்டை வலித்த அன்றே அவன் மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டிருக்கிறான். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, தொடர்ந்து வராவிட்டால் வேறு ஆள் வருவான் என்பது அவனுக்குக் கிடைத்த விடை. வாடகையும் மின்கட்டணமும் அவன் கூலியில்தான் நடந்தன. பாட்டிக்குத் தடுப்பூசி போட முன்பதிவு செய்ததும் அவனே. ஆனால், ஊசி போட்டால் முதியோர் இறந்துபோவர் என்று யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, போகவேண்டா என்று அவளைத் தடுத்து நிறுத்தியவர், பின்னாளில் பழி சுமத்திய அதே மாமா.

நோய் அவன் வழியாக வந்திருக்கலாம். அவனும் அதை மறுக்கவில்லை. ஆயின், நோயுற்றவனை வேலைக்கு விரட்டிய கூலிமுறை எவ்வயதினர் வகுத்தது? கிழவியைத் தடுப்பூசியின்றி நிறுத்திய வதந்தியைப் பரப்பியவர் எவ்வயதினர்? பழிச்சொல்லை எழுதி ஊருக்கு அனுப்பிய தலைமையாசிரியர் எவ்வயதினர்? எய்தவர் பலர் இருக்க, அம்பை நொந்துகொண்டிருந்தோம்.

பழியின் தீமை அந்த ஒருவனோடும் நின்றுவிடவில்லை. ஒரு பிள்ளையைப் பாட்டியைக் கொன்றவன் என்று ஊர் பேசியதைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டனர்? தொண்டை வலித்தால் வெளியே சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டனர். சோதனைக்குப் போகக் கூடாது, போனாலும் யாரோடு இருந்தோம் என்று கூறக் கூடாது என்று கற்றுக்கொண்டனர். மறைத்த நோய்தான் பரவும். பழிப்பவன் நோயைத் தடுப்பதாக எண்ணிக்கொண்டு அதற்கு வழிவிடுகிறான்.

பெரியவர் கணக்கு

வயதை வைத்துக் கணக்குப் பார்ப்பதென்றால், பெரியவர்களின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2020-ஆம் ஆண்டு ஜூலையில் துருக்கியிலிருந்து திரும்பிய அமைச்சர் ஒருவர், பதினான்கு நாள் தனிமையில் இராமல் நாடாளுமன்றம் சென்றார். அவருக்கு 1,000 ரிங்கிட் தண்டம் விதிக்கப்பட்டது. அதே மாதம் தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர் ஒருவர் வீட்டுத் தனிமையை மீறியதால் கெடா மாநிலத்தில் பெருகிய தொற்று, சிவகங்கை என்னும் பெயராலேயே அறியப்பட்டது. அவரும் ஐம்பதைக் கடந்தவரே. அவருக்குக் கிடைத்ததோ சிறை. செப்டம்பர் 26-ஆம் நாள் சபா மாநிலத் தேர்தல் நடந்தது. மேடை போட்டவர்களும் கைகுலுக்கியவர்களும் தீவகற்பத்துக்குத் திரும்பிய பின் மூன்றாம் அலை எழுந்தது. அத்தேர்தலும் அதற்கு ஒரு காரணம் என்பதை அன்றைய பிரதமரே பின்னர் ஒப்புக்கொண்டார். அத்தேர்தலை இருபது வயதுப் பிள்ளைகளா கூட்டினர்? இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்க்கு அன்று வாக்குரிமையே இல்லை.

இவ்வளவும் நடந்த பின்னும், 'பெரியவர்கள் நோய் பரப்பினர்' என்று எவரும் பொதுக்கூட்டத்தில் முழங்கவில்லை. பெரியவர் தவறு செய்தால் அது அந்த ஒருவரின் தவறு. இளையவர் தவறு செய்தால் அது அத்தலைமுறையின் குணம். இந்த இரட்டைத் தராசை இளையோர் நன்கு கண்டுகொண்டனர். நம் அறிவுரை அவர்கள் செவியில் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்கள் கொடுத்ததையோ நாம் எண்ணிப் பார்த்ததில்லை. 2020-ஆம் ஆண்டும் 2021-ஆம் ஆண்டும் பள்ளிகள் திறந்தும் மூடியும் கிடந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி என்ற வீடுகளில் இல்லிருப்புக் கற்றல் நடந்தது. தந்தை வேலையிலிருந்து கைப்பேசியோடு திரும்பும் வரை காத்திருந்து, இரவு ஒன்பது மணிக்குப் பாடம் எழுதி அனுப்பிய மாணவர்களை நான் அறிவேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமலே இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் வந்த பிள்ளைகள் இருந்தனர். நோயால் தமக்குப் பெரிய ஆபத்து இல்லாத வயதில், முதியோரின் உயிர் காக்க அவர்கள் கொடுத்த விலை இது. 2021-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், பலர் அஞ்சி ஒதுக்கிய அஸ்ட்ராசெனெகா தடுப்பூசிக்கு விருப்பப் பதிவு திறக்கப்பட்டபொழுது, இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின. முந்திக்கொண்டோருள் இளையோர் மிகப் பலர். அவ்வாண்டு நடுவில் வறுமையுற்ற வீடுகள் வெள்ளைக்கொடி ஏற்றியபொழுது, அரிசியும் பருப்பும் சுமந்து படியேறியோருள் அவர்களும் இருந்தனர்.

செய்ய வேண்டியவை

இளையோர் நோயைச் சுமக்கக் கூடியவர்கள் என்பது உண்மையாயின், நோயைத் தடுத்து நிறுத்தும் அணையும் அவர்களே. ஜப்பான் நாடு 1962-ஆம் ஆண்டு முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டு வந்தது. பின்னர் 1994-ஆம் ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆய்வாளர் இறப்புக் கணக்கைப் பார்த்தபொழுது, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட ஆண்டுகளில் முதியோர் சாவு குறைந்திருந்ததையும், நிறுத்திய பின் மீண்டும் கூடியதையும் கண்டனர். பேரனின் தோளில் போட்ட ஊசி தாத்தாவின் உயிரைக் காத்தது. பேரனைத் திட்டியதால் காக்கப்பட்ட தாத்தா ஒருவரையேனும் எவரும் காட்டியதில்லை.

ஆகவே, என்னைப் போன்ற தலைமையாசிரியர்கள் நலக்கல்வியைக் கைகழுவும் படத்தோடு நிறுத்தக் கூடாது. நோய் எவ்வாறு தொற்றுகிறது, அறிகுறி இல்லாதவனும் ஏன் முகக்கவசம் அணிய வேண்டும், வதந்தியை எவ்வாறு சோதிப்பது என்பவற்றை ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் விளங்கிக்கொள்வர். விளங்கியதை வீட்டில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் எடுத்துரைப்பர். ஆசிரியர் பயிற்சியில் அந்நாளில் எங்களுக்கு ஒன்று கற்பித்தனர்: அஞ்சிய பிள்ளை மறைக்கும், நம்பிய பிள்ளை சொல்லும். வகுப்பறைக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும்.

வேலை கொடுப்போர், நோயுற்றவன் கூலி இழக்காமல் வீட்டில் இருக்க வழி செய்ய வேண்டும். முகவர் வழி வந்த நாட்கூலிக்காரனுக்கும் அந்த உரிமை எட்ட வேண்டும். காய்ச்சலோடு வேலைக்கு வரச்செய்து மிச்சப்படுத்தும் ஒரு நாள் கூலி, ஓர் ஊரின் உயிரை விலையாகக் கேட்கும். விடுதிச் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதிகாரிகள் கட்டிலை எண்ண வேண்டும், சன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். ஆலயக் குழுக்களும் சங்கங்களும் இளையோரை நாற்காலி அடுக்க மட்டும் அழைக்காமல், முடிவெடுக்கும் மேசையிலும் அமர்த்த வேண்டும். புலனத்தில் வந்ததை ஆராயாமல் அடுத்தவர்க்கு அனுப்பும் பழக்கத்தை, நரைத்த தலைகளாகிய நாம் முதலில் விட வேண்டும்.

இளையோர்க்கும் ஒரு சொல் உண்டு. உங்கள்மேல் ஏற்றிய பழி அநீதியானது என்பதனால் உங்கள் கடமை நீங்கிவிடவில்லை. உங்கள் உடல் வலுவுள்ளது. அருகில் இருப்பவர் உடல் அத்தகையதன்று. தொண்டை வலிக்கும்பொழுது பாட்டியின் அருகில் செல்லாமல் ஒதுங்குங்கள். ஐயமிருந்தால் வாய்விட்டுக் கூறுங்கள். கூறினால் ஏசமாட்டோம் என்ற உறுதியை உங்களுக்குத் தருவது எங்கள் கடமை.

சிங்கப்பூருக்குச் சென்ற அந்த மாணவனுக்குப் பின்னர் ஒரு நீண்ட செய்தி எழுதினேன். நான் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டேன். ஊர் அறியச் செய்த தவற்றைத் தனியே ஒருவனிடம் ஒப்புக்கொள்வது போதாது என்பதனால் இங்கும் எழுதுகிறேன். அவன் விடை சிறியது: "பரவாயில்லை ஐயா." பரவாயில்லை என்று அவன் கூறலாம், நாம் கூறிக்கொள்ளக் கூடாது. அடுத்த பெருந்தொற்று என்று வரும் என்பதை எவரும் அறியார். வரும் என்பது மட்டும் உறுதி. அன்று நம் வீட்டுக் கதவைத் தட்டி, 'எனக்கு நோய் இருக்கலாம், விலகி நில்லுங்கள்' என்று கூறும் துணிவு நம் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டும். அந்தத் துணிவை ஊட்ட வேண்டிய காலம் இதுவே; முதலில் பழியை இறக்கி வைப்போம்.